கட்டிடத்துக்காக எரிந்த ஆறு அடுப்புகள்

சென்னையில் ஒரு கட்டிடம் விடும் புகையைப் பார்ப்பதற்காக நான் கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

லாட்ஜில் பெயர் எழுதிக்கொண்டவரிடமும் இதையேதான் சொன்னேன். "இன்னா வேலையா வந்துக்கிறீங்க?" என்று அவர் கேட்டிருந்தார். பெரிய கட்டிடங்களின் புகையைக் கணக்கெடுக்கும் வேலை என்றேன். அவர் என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். "இங்க அம்மாம் பெரிய கட்டிடம்னா கலெக்டர் ஆபீஸுதாங்க. அதுல புகை வந்தா ஃபயர் சர்வீஸுதான் வருவான்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அறையின் ஏசி ரிமோட்டைக் கேட்டேன். அது தனி வாடகை என்றார். வேண்டாம் என்றேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. அந்தப் பெருமை இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

நாளிதழில் பல வருடம் நிருபராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். சென்னையின் தெற்கு ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கோபுரம். கணினி நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கின்றன. அது குடிக்கும் மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது. கரண்ட் போனால் தரைக்கு அடியில் ஜெனரேட்டர்கள் டீசலை எரிக்கின்றன. குளிரூட்டும் இயந்திரங்களிலிருந்து கொஞ்சம் வாயு கசிகிறது. புகை என்று பேச்சுக்குச் சொல்கிறேனே தவிர, இவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. பூமியைச் சூடாக்கும் பசுமைக்குடில் வாயுக்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு ஒரு எண் போடுவது என் வேலை.

அந்த எண்ணைக் குறைக்க வழிகள் உண்டு. அக்னி நட்சத்திரத்திலும் அந்தக் கட்டிடத்தில் நாற்காலிக்கு நாற்காலி ஸ்வெட்டர் தொங்கும். குளிரைக் கொஞ்சம் குறைத்தாலே எண் இறங்கும். நான் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. கட்டிடம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. தான் விடும் வாயுவுக்கு ஈடாக, வேறு எங்காவது எரியவேண்டியது எரியாமல் இருந்தால், அதைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த வேறு எங்கோ, கல்வராயன் மலை.

ஏற்பாடு இதுதான். மலையில் விறகில் சமைக்கும் வீடுகளுக்கு, விறகு குறைவாகத் தின்னும் தகர அடுப்பு ஒன்று இலவசம். மிச்சமாகும் விறகு எரியாத விறகு. அதன் புகை வராத புகை. அந்த வராத புகை கோபுரத்துக்குச் சொந்தம். கழித்துப் பார்த்தால் கோபுரத்தின் எண் பூச்சியம். வாசலில் பச்சை எழுத்தில் அதற்கு ஒரு பலகையே இருக்கிறது.

அடுப்பு உண்மையில் எரிகிறதா என்று தெரியவேண்டுமே. அதற்காக ஓர் ஊரில் மாதிரிக்கு ஆறு அடுப்புகளில் விரல் நீளத்துக்கு ஒரு வெப்பமானி கட்டியிருந்தார்கள். அடுப்பு சூடானால் அது பதிந்துகொள்ளும். அந்தப் பதிவு மாதாமாதம் என் மேசைக்கு வரும். காலையில் ஒருமுறை ஏறி இறங்கும் கோடு, மாலையில் ஒருமுறை ஏறி இறங்கும் கோடு. அழகான கோடுகள். இந்த வருட அறிக்கையில் அந்த ஊரைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை வேண்டும் என்றார் கோபுரத்தின் மேலாளர். "நீங்கதான் பத்திரிகைக்காரங்க ஆச்சே."

முதல் நாள் மாலை கள்ளக்குறிச்சியில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தேன். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் மண் வாசனையோடு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஜெனரேட்டர் உறுமியது. கால் தானாக நின்றது, எத்தனை குதிரைத்திறன் இருக்கும் என்று கண் தேடியது. பக்கத்து மெஸ்ஸில் கல்தோசையும் காரச்சட்னியும். சட்னி கண்ணில் நீர் வரவழைத்தது. பரிமாறியவர் நான் கேட்காமலே சர்க்கரை கொண்டுவந்து வைத்தார். "மெட்ராஸா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "ஒரு தோசைக்கு ரெண்டு கிளாஸ் தண்ணி" என்றார்.

இரண்டாம் நாள் காலை மலைக்குப் போகும் பேருந்து. உரமூட்டை, கோழிக்குஞ்சுப் பெட்டி, எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்த ஒரு பெண், என் முழங்காலில் இடித்த ஒரு புது மண்வெட்டி. ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓட்டுநர் ஓரமாக நிறுத்தினார். நடத்துநர் உள்ளே வந்து கையைத் தட்டினார்.

"தண்ணி வச்சிக்கிறவங்க குடுங்க. எனக்கில்ல, வண்டிக்கு."

"போன வாரமும் வாங்கின. என் பாட்டிலு இன்னும் தர்ல" என்றார் மண்வெட்டிக்காரர்.

"உன் பாட்டிலாலதான்யா இந்த வண்டி இன்னும் ஓடிக்கினு இருக்குது. வேணும்னா முன்னாடி உன் பேரு எழுதி வுட்டுடவா?"

பேருந்தே சிரித்தது. நடத்துநர் என்னிடம் வந்து என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "மேடம், உங்களுது கம்பெனித் தண்ணி. குடுங்க, நல்லா இழுக்கும்." கொடுத்தேன். இழுத்தது. வழியெல்லாம் பழக்கத்தில், வண்டி குடித்த டீசலை ஏறியிருந்த தலைகளால் வகுத்துப் பார்த்தேன். கோபுரத்துக்குத் தனி ஆளாகக் காரில் போய் வரும் நான் அந்தக் கணக்கில் மிக மோசமான பயணி.

இறங்கிய இடத்தில் குணா மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். சங்கராபுரத்துக்காரர், முப்பதை ஒட்டிய வயது. அடுப்புத் திட்டத்தை மலையில் நடத்தும் அமைப்பின் ஊழியர். அவர் பெயரையும் இனி வரும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை.

"ஊர்ல எல்லாரும் ரெடியா இருக்காங்க மேடம்" என்றார் குணா.

நிருபராக இருந்தபோது இந்த வாக்கியத்தைக் கேட்டால் வேறு தெருவுக்குப் போவேன். அன்றைக்கு அந்தத் தெருவுக்கேதான் போனேன்.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார். தெருவுக்குள் யாரும் செருப்போடு நடப்பதில்லையாம். சரளைக்கல் குத்தியது. முதலில் கண்ணில் பட்டது பலாமரத்தடியில் நின்ற வெள்ளை ஜீப். கதவில் பச்சை இலை ஒட்டியிருந்தது. அடுப்பை ஏற்றுக்கொண்ட ஊர் என்பதற்காகத் திட்டம் கொடுத்த வண்டி. நோயாளிகளைக் கீழே இறக்கவும், பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோகவும். டீசலும் ஓட்டுநர் சம்பளமும் திட்டத்துடையது. "நூத்தியெட்டும் வரும் மேடம். ஆனா கூப்புடறதுக்கு டவர் கெடைக்கணும், அதுக்கு அந்தக் கரடு ஏறணும்" என்று குணா தொலைவில் ஒரு பாறையைக் காட்டினார்.

குணா நேராக அழைத்துப்போனது அலமேலுவின் வீட்டுக்கு. அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். வாசலில் தகர அடுப்பைத் துடைத்து வைத்து, குளித்துப் பூ வைத்து நின்றிருந்தார். "வாங்கம்மா. சாப்புட்டுத்தான் பேசணும்" என்றார். அரசு கட்டிக்கொடுத்த சிறிய கான்கிரீட் வீடு. உள்ளே சமையல் மேடைக்குப் பின்னால் இருந்த சுவர் வெள்ளையாக இருந்தது, கரி இல்லை. 'சுவரில் கரி இல்லை' என்று குறித்துக்கொண்டேன். மேடைமேல் நான்கு மூலையில் நான்கு கறுப்பு வட்டங்கள், ரப்பர் காலின் தடம்போல. அதையும் பார்த்தேன். மிக்ஸி இருந்த இடம் என்று நினைத்தேன். மிக்ஸிக்கு அவ்வளவு அகலக் கால் கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.

எனக்காகச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வாசலில் வெந்தன. விறகு ஈரமாக இருந்தது. அலமேலு குனிந்து இரண்டு வாய் ஊதுவார். நிமிர்ந்து மூச்சு வாங்குவார். தோள் இரண்டும் மேலே ஏறும். பிறகு மறுபடி குனிவார். நடுவில் இருமல் வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரும்பி இருமினார். நான் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு, அது நிற்கும்வரை காத்திருந்தேன். நின்றதும் எடுத்த படம் மிக நன்றாக வந்தது. கன்னத்தில் நெருப்பின் வெளிச்சம், கண்ணில் நீர்ப் பளபளப்பு. அந்தப் பளபளப்பு எதனால் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

சாமைச் சோறு உதிரியாக இருந்தது. மொச்சை வாயில் வெண்ணெயாகக் கரைந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதன் வாசல் வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே ஐந்து தகர அடுப்புகள் வரிசையாக எரிந்தன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அந்த விரல் நீள வெப்பமானி. ஒவ்வொன்றின் மேலும் ஓர் அலுமினியப் பானை. பானைகளில் தண்ணீர் கொதித்தது. வேறொன்றும் இல்லை. ஆறாவது அடுப்பு வாசலில் என் சோற்றை வேகவைத்துவிட்டு அணைந்துகொண்டிருந்தது.

இருபத்தைந்து வயது இருக்கும், சாந்தி என்ற பெண் ஒருத்தி உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தண்ணி யாருக்கு?" என்றேன்.

"மீட்டருக்கு மேடம்" என்றாள். சொன்ன பிறகுதான் நான் யார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு அவளே சொன்னாள். சொல்லாமல் வேறு வழி இல்லை. எதிரே ஐந்து பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"கேஸு வந்துச்சிங்க. கவுருமெண்டுல குடுத்தாங்க. வந்ததும் ஊரே மாறிட்டோம். பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது, கேஸுல சட்டுனு ஆயிடுது, கண்ணு எரியறதில்ல. அப்பதான் குணா தம்பி வந்து, கேஸுல சமைச்சா இந்த அடுப்பு எரியல்லன்னு மெட்ராஸ்ல தெரிஞ்சிடும், ஊரைக் கணக்குலர்ந்து எடுத்துடுவாங்க, ஜீப்பு பூடும்னு சொல்லுச்சி. இன்னா பண்றது? மீட்டரு கட்டின அடுப்பு ஆறுதான? அந்த ஆறும் எரிஞ்சாப் போதும் இல்ல? மொதல்ல ஆளுக்கு ஒரு நாளு எரிச்சோம். அப்புறம் நாங்கல்லாம் கெழங்கு புடுங்கப் போயிடறோம், கரும்பு வெட்ட எறங்கிடறோம். அலமேலு யக்காவாலதான் காட்டு வேல செய்ய முடியாதே, நெஞ்சு நோவு. வூட்ல சும்மாதான இருக்குதுன்னு ஆறையும் இங்க கொண்ணாந்து வச்சிட்டோம்."

நெஞ்சு நோவு என்பதால் வீட்டில் இருப்பவர். வீட்டில் இருப்பதால் புகையில் இருப்பவர். சாந்தி இதில் ஒரு தவறும் இருப்பதாக நினைத்துச் சொல்லவில்லை. விறகு மட்டும் யாரும் அலமேலுவை வெட்டவிடுவதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். வீட்டுக்கு ஒரு கட்டு, முறை வைத்துக் காட்டிலிருந்து கொண்டுவந்து போடுகிறார்கள். கொட்டகையின் பின்சுவர் முழுக்க அடுக்கியிருந்தது. விறகு மிச்சமாகிறது என்று காட்டுவதற்காக வெட்டிய விறகு.

"கேஸ் அடுப்பெல்லாம் எங்கே?"

ஆட்டுக் கொட்டாயைக் காட்டினாள். தார்ப்பாயைத் தூக்கினால், ஊரின் கேஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வரிசையாக. ஓர் ஆடு ஒரு சிலிண்டரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "நீங்க வர்றீங்கன்னு நேத்தே தூக்கினு வந்து வச்சிட்டோம்" என்றாள்.

குணா வேகமாக வந்தார். என் முகத்தையும் தார்ப்பாயையும் பார்த்தார். "நான் எரிக்கச் சொல்லல மேடம். கேஸு இருந்தா எழுதிடுவாங்கன்னுதான் சொன்னேன்" என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். நானும் யாரையும் எரிக்கச் சொல்லவில்லை. மாதாமாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் ஏறி இறங்கிய கோடுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். ஓர் ஊரில் திருவிழா இருக்கும், சாவு இருக்கும், அடுப்பு எரியாத நாள் என்று ஒன்று இருக்கும். அப்படி ஒரு நாள்கூட இல்லாத ஊரைப் பற்றி எந்தப் பத்திரிகையாளருக்கும் முதலில் வரவேண்டிய கேள்வி எனக்கு வரவில்லை. கோடுகள் அழகாக இருந்தன.

அலமேலு கதவோரம் நின்றிருந்தார். "ஏ சாந்தி, வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடி?" என்றார். பிறகு என்னிடம், "அந்தச் சுடுதண்ணிய வீணாக்கறதில்லம்மா. குளிக்க, மாட்டுக்கு, எல்லாத்துக்கும் ஆவுது" என்றார். ஆறு பானைத் தண்ணீரில் குளிக்க அந்த வீட்டில் அவரும் அவர் கணவரும் மட்டும்தான் இருக்கிறார்கள்.

அன்றைக்கே திரும்பியிருக்கலாம். குணாவின் வண்டிச் சக்கரத்தில் ஆணி ஏறியிருந்தது. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. ஜீப்பில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார்கள். அந்த ஜீப்பில் ஏற எனக்குக் கூச்சமாக இருந்தது. சாந்தி வீட்டில் தங்கினேன்.

ஒளிக்கவேண்டிய ஆளுக்கே தெரிந்துவிட்டதால் மாலையில் சிலிண்டர்கள் வீட்டுக்கு வீடு திரும்பின. பெண்கள் அவற்றை உருட்டிக்கொண்டு போகும்போது சிரிப்பும் கேலியுமாக இருந்தது. "ஒன்னுது எதுடி, ஆட்டுப் புழுக்க ஒட்டிக்கினு இருக்குதே அதா?" சாந்தி கேஸில் டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல டீ. குடிக்கும்போது சாதாரணக் குரலில் சொன்னாள்: "எனக்கு ரெண்டாவது பொறந்தது அந்த ஜீப்பாலதாங்க. நேரா ஆஸ்பத்திரில கொண்டுபோய் வுட்டாங்க. மொதல்லது ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி." முதல் குழந்தை என்ன ஆனது என்று அவள் சொல்லவில்லை. வீட்டில் ஒரு குழந்தைதான் இருந்தது.

எதிர்வீட்டுப் பின்பக்கம் மறுபடி புகை எழுந்தது. போனேன். அலமேலு ஆறு அடுப்புகளையும் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு வேண்டாம்மா. எனக்குத் தெரிந்துவிட்டதே" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி. மீட்டருக்குத் தெரியாதே. இன்னிக்கு வுட்டா கோடு கீழ எறங்கிடும்னு தம்பி சொல்லுது." ஊதினார். நிமிர்ந்தார். "நீங்க எழுதப் போறீங்களோ இன்னாவோ. அதுவரைக்கும் என்னால நின்னு போச்சுன்னு ஊர்ல ஒருத்தரும் சொல்லக்கூடாது பாருங்க."

எதிரே குந்தி உட்கார்ந்தேன். அவர் மூன்றாவது அடுப்புக்குப் போகும்போது முதல் அடுப்பில் விறகு வெளியே சரிந்தது. உள்ளே தள்ளினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மாலைக்கான கோடும் சரியாக ஏறியிருக்கும்.

விடியும்போது சாந்தி எழுப்பினாள். அலமேலு வாசலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. யாரும் பதறவில்லை, பழகியிருந்தார்கள். ஒருவர் ஜீப்பை எடுத்தார், ஒருவர் போர்வை கொண்டுவந்தார், அலமேலுவின் கணவர் மருத்துவமனைச் சீட்டுகள் இருந்த பையோடு முன்னால் ஏறினார். பின்னால் அலமேலு, குணா, நான். கூச்சப்பட எனக்கு அப்போது நேரமில்லை. வளைவுகளில் அலமேலு என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை மரக்கட்டைபோலக் காய்ந்திருந்தது. பிடி அழுத்தமாக இருந்தது.

கீழே எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. ஆவி பிடிக்க வைத்தார்கள். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் டாக்டரிடம் உட்கார வைத்தார்கள். இளம்பெண், அலமேலுவை அடையாளம் தெரிந்திருந்தது. பின்னால் பெரிய வரிசை.

"மறுபடியுமா? இன்னாத்துலம்மா சமைக்கிற?"

அலமேலு குணாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வெறகுலதாங்க" என்றார்.

"போன தடவ கேஸு இருக்குதுன்னு சொன்னியே?"

"அது... தீந்துபூடுச்சிங்க."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "உங்களுக்கெல்லாம் எத்தினி வாட்டிதான் சொல்றது? கவுருமெண்டு வூடு தேடிக் குடுக்குது, அத மூலையில வச்சிட்டு வெறகுல சமைச்சாதான் ருசின்னு ஊதிக்கினு இருக்க வேண்டியது. அப்புறம் மூச்சு வர்லன்னு இங்க ஓடி வர வேண்டியது. உன் நெஞ்ச நீயே கெடுத்துக்கிற. நான் மருந்து எழுதி இன்னா புண்ணியம்?"

வரிசையில் யாரோ 'உச்' கொட்டினார்கள். அலமேலு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார், தவறு தன்னுடையது என்பதுபோல. குணா தரையைப் பார்த்தார். நான் அலமேலுவின் நாற்காலிக்குப் பின்னால், எல்லோருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் மறுபடி பேனாவை எடுத்து, சீட்டில் பாதிவரை எழுதினார். அதுவரை நான் பேசவில்லை.

"டாக்டர், இவங்க வீட்டில் கேஸ் இருக்கிறது. சமையல் அதில்தான். விறகு எரிப்பது எங்களுக்காக."

"எங்களுக்காகன்னா? நீங்க யாரு?"

"சென்னையில் ஒரு கட்டிடத்துக்காக."

அவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். சொன்னேன். கோபுரத்தின் கூட்ட அறையில் ஒரு முழுக் காலையைத் தின்னும் விளக்கம், அங்கே நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. புரியாத நோயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"உங்க அடுப்புதான? நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சீட்டின் மீதிப் பாதியை எழுதி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அலமேலு என் பக்கம் திரும்பினார். மூச்சு இன்னும் முழுதாக வரவில்லை. துண்டு துண்டாகத்தான் பேசினார். ஆனால் அவர் கோபமாக இருந்தார்.

"ஏம்மா சொன்னீங்க? நான்தான் வெறகுன்னு சொல்லிட்டேனே. திட்டு வாங்கறது எனக்கு இன்னா புதுசா? அவுங்க திட்டி முடிச்சிருப்பாங்க. மருந்து குடுத்திருப்பாங்க. நாம பாட்டுக்கு ஜீப்புல ஏறிப் போயிருப்போம்."

"உங்க நெஞ்சு..."

"என் நெஞ்சு எனக்குத் தெரியாதா? ஊர்ல நெறமாசமா மூணு பேரு இருக்குது. அதுங்க எதுல எறங்கும்?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எழுதுவீங்களா?"

"எழுதித்தான் ஆகவேண்டும்."

"அப்ப ஜீப்பு?"

"கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். நான் நிருபராக இருந்த காலம் முழுக்க அதிகாரிகள் எனக்குச் சொன்ன பதில் அது. அதைக் கிண்டல் செய்து எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

அலமேலு ஜீப்பைப் பார்த்து நடந்தார். அவர் கணவர் பக்கத்துக் கடையில் இட்லி வாங்கி வந்தார். ஐந்து பொட்டலம், எனக்கும் சேர்த்து. ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்து எல்லோரும் நின்றபடி சாப்பிட்டோம். பிறகு அவர்கள் மலைக்குப் போனார்கள். நான் சென்னைப் பேருந்தில் ஏறினேன்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தேன். இரண்டு விஷயங்கள் கேட்டிருந்தேன். அந்த ஊரின் வராத புகையை இனிக் கழிக்கவேண்டாம். ஜீப்பை மட்டும் நிறுத்தவேண்டாம். மேலாளர் கெட்டவர் இல்லை. படித்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். முதல் கோரிக்கை அன்றைக்கே நிறைவேறியது. இரண்டாவதில் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. "அடுப்பு இருக்கிறதால ஜீப்பு. அடுப்பே இல்லாம ஜீப்ப எந்தத் தலைப்புல காட்டறது? அது தர்மம் ஆயிடும். தர்மம் வேற டிபார்ட்மெண்ட்." அந்த டிபார்ட்மெண்டுக்கும் எழுதினேன். இந்த வருடத்துக்குப் பள்ளிக்கூடக் கழிப்பறைகளை எடுத்துக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது.

ஊரைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். வெப்பமானிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஜீப்பையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். குணாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். அதில் என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை இல்லை. கோபுரம் வராத புகையை இப்போது வேறொரு மாநிலத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. எண் பூச்சியமாகவே இருக்கிறது. நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அந்த வேறு மாநிலத்துக்கு என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், கோபுரத்தின் அடித்தளத்தில் டீசல் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பகுதி முழுக்கக் கரண்ட் போயிருந்தது, ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. போன் அடித்தது. சாந்தியின் எண். கார்கள் ஏறும் சரிவுப் பாதைக்கு ஓடிவந்து எடுத்தேன். பேசியது அலமேலு. கரடு ஏறி வந்திருக்கவேண்டும். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"கட்டிடத்தம்மாவா?" என்றார். ஊரில் எனக்கு அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் போலும்.

"நான்தான். உடம்பு எப்படி இருக்கிறது?"

"இருமலு கம்மிதாம்மா. கொட்டாய்ல இப்ப ஆடு கட்டியிருக்கோம். மூச்சு நல்லாத்தான் வருது. எறங்கறதுக்குத்தான் ஒண்ணும் வர்றதில்ல. மாத்திர தீந்து போச்சு, பஸ்ஸு வந்தாப் போவணும்."

நிறைமாதமாக இருந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஜெனரேட்டர்களின் இரைச்சல் மட்டும் போனுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாம்மா அது, அம்மாம் சத்தம்?"

"ஜெனரேட்டர். இங்கே கரண்ட் போய்விட்டது."

"அங்கயும் போவுதா?" என்றார் அலமேலு. அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அய்ய, இந்த வெயில்ல. அம்மாம் பெரிய கட்டிடத்துல இருக்கிறவங்கல்லாம் பாவம், மூச்சு முட்டுமே."